முன்வீட்டுக்குப் போன அரிசி

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு பலகை வீடு. அதன் பின்பாதியை நாங்கள் வாடகைக்கு எடுத்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவரை தோட்டத்து லயத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்தோம். மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் கொண்டுவந்ததும் சுற்றுவட்டாரத்து லயத்து ஆட்களையெல்லாம் ஒரே கம்பி வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்தார்கள். இடம் போதவில்லை. லாரி ஓட்டுகிறவர்கள் டவுனில் வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று தோட்டத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். என் கணவர் தோட்டத்து ரப்பர்ப் பாலை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும் லாரியை ஓட்டினார். நான் டவுனை ஒட்டிய இன்னொரு தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மண்டோர். எங்கோ ஒரு தோட்டத்தில் பல வருடம் ஆட்களை மேய்த்தவர். வேலையை விட்ட பிறகும் அந்தக் குரலை விடவில்லை. அவர் எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற ஆட்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் முன்பாதியில் இருந்தார்கள். மனைவி காலை வேளையில் ஸ்டேஷன் வாசலில் தோசைக் கடை போடுவாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அது கூரையைத் தொடாமல் மேலே கொஞ்சம் இடம்விட்டு நின்றது.

நாங்கள் சாமான் இறக்கிய அன்று மண்டோர் வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். இரும்புக் கட்டில், சைக்கிள், ஆட்டுக்கல், என் அப்பா கொடுத்த தகரப் பெட்டி. எது எங்கே வாங்கியது என்று கேட்டார். "நல்ல சாமானாத்தான் இருக்கு. லயத்து ஆளுங்களும் தேறிட்டீங்க" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் போனது ஆட்டுக்கல். அக்காவின் கல் விரிசல் விட்டுவிட்டதாம், ஒரு நாளைக்கு வேண்டும் என்றாள். மண்டோரே இன்னொரு ஆளோடு வந்து உருட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு நாள் முடியவே இல்லை. பிறகு நான் எதையாவது அரைக்க வேண்டுமென்றால் முன்வாசலில் நின்று, அக்கா வேலை முடித்துவிட்டாளா என்று கேட்டு, என் கல்லில் அரைத்துக்கொண்டு வந்தேன். அடுத்து வாளி போயிற்று. இஸ்திரிப் பெட்டி போயிற்று. சைக்கிளை மண்டோர் கேட்கவே இல்லை. ஒரு நாள் கணவர் வேலை முடிந்து வந்தபோது அது அவரோடு பாசாருக்கு, சந்தைக்குப் போயிருந்தது.

நாங்கள் இருவரும் விடிந்ததும் கிளம்பினால் மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவோம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஆள் வந்து போவது எனக்கு வாசனையில் தெரிந்தது. தலையணையில் மண்டோருடைய தலை எண்ணெய். பின்பாதி மரநிழலில் குளுகுளுவென்று இருக்கும் என்பதால் அவர் முற்பகல் தூக்கத்தை எங்கள் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாவி அவரிடம் இருந்தது. புதுப் பெண்ணான எனக்கு அந்தக் கட்டிலில் படுக்கவே அருவருப்பாக இருந்தது. தினமும் உறையைத் துவைத்தேன். கணவரிடம் ஏன் என்று சொல்லவில்லை.

பிறகு கரண்ட். நாங்கள் வருவதற்கு முன்பே பணம் கட்டாததால் அந்த வீட்டுக்கு இணைப்பை வெட்டியிருந்தார்கள். கணவர்தான் தன் பெயரில் எழுதிக்கொடுத்து மறுபடி இழுக்க வைத்தார். மீட்டர் எங்கள் சுவரில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் விளக்கை அணைத்த பிறகும் மீட்டர் ஓடுவதைப் பார்த்து, அவர் நாற்காலி போட்டு ஏறினார். பலகைச் சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக எங்கள் கம்பியிலிருந்து ஒரு கம்பி முன்பாதிக்குப் போயிருந்தது. அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது. அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். சண்டைக்குப் போகிற ஆள் இல்லை.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அரிசியைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்போது அரிசி ரேஷன். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பார்கள். தோட்டத்துக்குள் போகும்போது கேட்டில் எங்கள் மடியைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கவளம் சோறு கையில் இருந்தால் போதும், பிடித்துவிடுவார்கள். மரம் வெட்டி முடிக்கும்வரை வெறும் வயிறுதான். வீட்டுக்கு வந்தால்தான் சோறு. அந்தச் சோற்றுக்கான அரிசி மண்ணெண்ணெய் டின்னில் இருந்தபடியே குறைந்தது. சந்தேகம் வந்து ஒரு நாள் அரிசியைச் சமமாகத் தடவி, மேலே என் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கை அடையாளம் இல்லை.

அக்காவின் அட்டைக்குக் கிடைக்கிற அரிசியில் தோசைக் கடை நடத்த முடியாது. அது ஸ்டேஷன் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு லீவு நாளில் நானே அவள் கடைக்குப் போய்த் தோசை வாங்கித் தின்றேன். காசை வாங்கிக்கொண்டு, சட்னி போதுமா தங்கச்சி என்று கேட்டாள். வார முடிவில் நானும் என் கணவரும் மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

அவர் கடைசியில் மண்டோரிடம் போய்க் கேட்டார். நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பியைப் பற்றிச் சொன்னார், சாவியைப் பற்றிச் சொன்னார், அரிசியைப் பற்றி மெதுவாகச் சொன்னார். மண்டோருக்குக் கோபமே வரவில்லை. "வீடு யாரு வீடு தம்பி?" என்று கேட்டார். உங்கள் வீடுதான் என்றார் இவர். "அப்புறம் என்னா. என் வீட்டுக்குள்ள இருக்கறத நான் தொடக்கூடாதா?"

அடுத்த முறை மலாக்கா டவுனுக்குப் போனபோது கணவர் ஒரு வக்கீல் ஆபீஸில் ஏறிவிட்டார். வக்கீலைப் பார்க்கவில்லை. அங்கிருந்த குமாஸ்தா, கிராணி என்போம், யாழ்ப்பாணத்துக்காரர். இவரை உட்காரவைத்து முழுக்கக் கேட்டிருக்கிறார். வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறவரைக்கும் பின்பாதி உங்கள் வீடு, நீங்கள் கூப்பிடாமல் அவர் உள்ளே வர முடியாது, உங்கள் சாமானை எடுப்பது திருட்டு, கரண்டை இழுப்பதும் அப்படித்தான், கோர்ட்டுக்குப் போகாமல் உங்களைக் காலிசெய்ய வைக்கவும் முடியாது என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து என் கணவர் அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் வீடு என்று அந்த ஆள் சொன்னதைத்தான் அதிகமாகச் சொன்னார். லயத்தில் பிறந்தவருக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

மறுநாள் மாலை முற்றத்தில் பைப்படியில் நாலு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மண்டோரிடம் அதைச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், ஐயா ஐயா என்றுதான் பேசினார். ஆனால் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மண்டோர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டம் பேசற அளவுக்கு வந்துட்டியா தம்பி. நல்லது" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே கம்பியை எடுத்துவிட்டார்கள். சாவி வந்தது. ஆட்டுக்கல் உருண்டு திரும்பி வந்தது. நான் அன்று இட்லிக்குப் போட்டு அரைத்தேன். அடுத்து வந்த நாட்களைப் போலச் சந்தோஷமான நாட்கள் எனக்கு அந்த வீட்டில் அமையவில்லை. கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினேன். அரிசியில் கையை அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டேன். திருப்பித் தந்த சாவிக்கு இன்னொரு சாவி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ரேஷன் வாங்கி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், சில மலாய்க் காவலர்கள், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழர். நேராக அரிசி டின்னைத் திறக்கச் சொன்னார்கள். முதல்நாள் மாலை நான் உலை வைத்தபோது டின்னில் பாதிக்கு மேல் இருந்தது. இப்போது அடித் தகரம் தெரிந்தது. ஓரத்தில் ஒரு பிடி ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்ச அரிசி எங்கே என்று கேட்டார்கள். நான் முன்வீட்டைக் காட்டினேன். அங்கேதான் போகிறது, எப்போதுமே அங்கேதான் போகிறது என்றேன். மண்டோர் வெள்ளை வேட்டி கட்டி முன்வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "பாவம் ஐயா, நல்ல பிள்ளைங்கதான். அந்தப் பையன் லாரி தினம் காட்டு ஓரமாத்தான் போகுது. என்னா கட்டாயமோ, யாரு மிரட்டுனாங்களோ, எனக்குத் தெரியாது" என்றார். மாற்றிச் சொல்கிறவர் அதை அப்படியே சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அக்காவை நான் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் வெளியே வந்து சாமி மேல் சத்தியம் செய்தாள். பெரிய மனுஷன் வீட்டுக்காரர்கள் போய் லயத்து ஆளின் அரிசியைத் திருடுவார்களா என்று அங்கே நின்ற எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

என் கணவரை ஸ்டேஷன் சைடிங்கில், சரக்கு வண்டி நிற்கும் தடத்தில், பால் இறக்கிக்கொண்டிருக்கும்போது பிடித்தார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கையில் விலங்கு போட்டு ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். அவர் என்னிடம், "அந்தக் கிராணிகிட்ட போ" என்று மட்டும் சொன்னார்.

போனேன். மலாக்காவுக்கு அதுவரை நான் தனியாகப் போனதில்லை. கிராணி என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, விஷயத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நான் சொன்ன சட்டம் வீட்டுக்கு. அது சரியான சட்டம்தான். ஆளைப் பிடிக்கிறதுக்கு இப்ப வேறை சட்டம் இருக்குது. அதுக்குக் கோட்டும் இல்லை, விசாரணையும் இல்லை" என்றார். கெட்டவர் இல்லை. பஸ் ஏறும் இடம்வரை கூட வந்தார். வீட்டை விட்டு மட்டும் போய்விடாதே, அது இப்போதும் உன் வீடுதான், உன்னை எழுப்ப அவருக்கு உரிமை இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதனால் அங்கேயே இருந்தேன். போக இடமும் இல்லை. என் கணவரைத் தம்பின் போலீஸ் லாக்கப்பில் அடைத்துவைத்து, பிறகு தூரத்து முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் திரும்பி வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவார் என்று நினைத்தேன். கூட மரம் வெட்டிய பெண்களில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து நடப்பதை நிறுத்தினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

கம்பி மறுபடி சுவரைத் தாண்டிப் போயிற்று. சைக்கிள் முன்வாசலிலேயே நின்றது. ஆட்டுக்கல்லை மண்டோர் இரவல் கேட்கிற பேச்சுக்கூட இல்லாமல் எடுத்துக்கொண்டார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு இவ்வளவு சாமான் எதற்கு என்றார். நான் மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, இடுப்பில் சொருகிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். சாயங்காலமும் மாட்டவில்லை. எனக்கு மண்ணெண்ணெய் விளக்கு போதும். அவர்கள் ரேடியோ நின்றது. அதற்குப் பதிலாக மண்டோர் பைப்பைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பைப்பிலிருந்து தண்ணீர் சுமந்தேன்.

ஒரு நாள் ஸ்டேஷன் பக்கம் போகும்போது எதிரில் என் கணவர் வருவதுபோல இருந்தது. கல்யாணத்துக்கு என் அப்பா எடுத்துக்கொடுத்த இளநீலச் சட்டை. அதை மண்டோர் போட்டிருந்தார். வயிற்றில் பித்தான் இழுத்துக்கொண்டு நின்றது. நான் வழியை மறித்து அதைக் கழற்றித் தரச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"பெட்டியில கெடந்து பூச்சி அரிக்குது. அவன் வரவா போறான்?"

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. உணவுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் ஸ்டேஷன் கடைகளைத் திடீரென்று சோதித்தார்கள். அக்காவின் மாவுப் பானைக்கு அடியில், சாக்கில் சுற்றிய அரிசி இருந்தது. அவள் அட்டைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு பங்கு. யாருடைய அரிசி என்று கேட்டதும் பயத்தில் அவள், பின்வீட்டுக்காரி கொடுத்து வைத்தது, அவள் ஒருத்திக்கு அவ்வளவு தேவைப்படவில்லை என்று சொல்லிவிட்டாள். என்னை மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என் பக்கத்துக்கு வந்தாள். முதல் தடவையாகக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தாள். "நீ குடுத்து வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி. பிரியமாக் குடுத்தா சும்மா எச்சரிச்சு விட்டுருவாங்களாம்லா. நான் உனக்கு அக்கா மாதிரி."

"சொல்றேன். அன்னிக்கு எங்க வீட்டு டின்ல இருந்த அரிசி எங்க போச்சுன்னு நீங்க சொல்லுவீங்களா?"

அவள் என் காலை விட்டாள்.

"அதச் சொன்னா நான் உள்ள போயிடுவேனே" என்றாள்.

அவள் அதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. என் கணவர் உள்ளே இருப்பதும் அவள் உள்ளே போவதும் ஒரே தராசில் வைக்கக்கூடிய விஷயம் என்றே அவளுக்குப் படவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டுபோய் எத்தனையோ மாதமாயிற்று. அவள் என் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் அதே இன்ஸ்பெக்டர், அதே மொழிபெயர்ப்பாளர். அரிசி உன்னுடையதா என்று கேட்டார்கள். என்னுடையதுதான், நான் கொடுக்கவில்லை, பூட்டிய வீட்டிலிருந்து எடுத்தார்கள், முதலில் எடுத்ததையும் கேளுங்கள் என்று சொன்னேன். நடுவில் நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். இந்த முறை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அக்காவை இன்னொரு அறையில் வைத்துக் கேட்டபோது, முதலில் எடுத்தது புருஷன் எடுக்கச் சொன்னது என்று சொல்லிவிட்டாளாம். மண்டோர் அதை மறுத்தார். பெண் பேச்சு என்றார். அவளுக்குச் சில மாதம் சிறை கிடைத்தது. அவரை யாரும் தொடவில்லை.

அப்படியானால் என் கணவர்? மேலே எழுதுகிறோம் என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று நான் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதை மாற்றிச் சொல்லவில்லை.

மண்டோரால் என்னை வெளியேற்ற முடியாது. ஆனால் வீட்டைப் பழுதுபார்க்க முடியும். ஒழுகுகிறது என்று சொல்லி ஆள் வைத்து என் பாதிக்கு மேலிருந்த தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றியவை முற்றத்தில் அடுக்கியபடியே கிடந்தன. மழைக்காலம் வந்தது. கூட வேலை செய்த ஒரு மலையாளத்துப் பெண் மட்டும் ஒரு பழைய லாரித் தார்ப்பாய் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கட்டிலுக்கு மேல் கட்டி அடியில் இருந்தேன். அடுப்பு நனைந்து எரியாத நாட்களில் பச்சரிசியை ஊறவைத்துத் தின்றேன். மண்டோர் முன்வாசலில் காய்ந்த இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். பொண்டாட்டியை ஜெயிலுக்கு அனுப்பிய சிறுக்கி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்கு அப்போது வயிற்றில் இருந்த கோபம்தான் சோறு. வேறு பெண்ணாக இருந்தால் ஓடியிருப்பாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதை ஒரு புகழ்ச்சியாக யாரும் சொல்லவில்லை.

என் கணவர் ஒரு மத்தியான ரயிலில் வந்தார். ஏன் பிடித்தோம், ஏன் விடுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். உடம்பில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. முகாமில் சோறு கிடைத்தது என்றார். ஆனால் எங்கள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார். நான் உள்ளே வாங்க என்றேன். அவர் முன்வாசல் பக்கம் தலையைத் திருப்பி, "மண்டோர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்றார். இது உங்கள் வீடு, கேட்க வேண்டியதில்லை என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வந்தார். கூரையைப் பார்த்தார்.

நாம் கோர்ட்டுக்குப் போகலாம், சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அந்தக் கிராணி உதவுவார் என்று நான் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு வளர்ந்த ஆண் காதைப் பொத்தி நான் பார்த்ததில்லை. அந்த வாரமே கிளம்பினோம். கட்டிலும் சைக்கிளும் முன்பாதியில் இருந்தன. கேட்க வேண்டாம், விடு என்றார். விட்டோம்.

கடலோரம் இருக்கிற கோலா சுங்கை பாருவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், மீன் முதலாளியிடம், மீன் பெட்டி தூக்குகிற வேலை கிடைத்தது. பிடித்தபோது வாங்கி வைத்துக்கொண்ட லாரி லைசென்ஸைத் திருப்பித் தரச் சொல்லி அவர் எழுதிக் கேட்கவே இல்லை. நான் பக்கத்துத் தோட்டத்தில் மறுபடி மரம் வெட்டினேன். பிள்ளைகள் பிறந்தார்கள். நல்ல அப்பா. ஆனால் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். கேட்காமல் எடுத்தாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் சேர்த்து நான் சண்டை போட வேண்டியிருந்தது. தெருவில் எனக்கு ராங்கிக்காரி என்று பெயர்.

அவசரகாலம் முடியப்போகிற சமயம். ஒரு நாள் இருவரும் அலோர் காஜாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நடுவழியில் மண்டோர் ஏறினார். கிழண்டு போயிருந்தார், கையில் கம்பு. உட்கார இடமில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. என் கணவர் எழுந்தார்.

மண்டோர் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, நிமிர்ந்து பார்த்து, அவரை அடையாளம் கண்டுகொண்டார். நல்லாருக்கியா தம்பி என்றார். அக்கா செத்துப்போய்விட்டதைச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. பிறகு, பேச்சுக்குத்தான், "இப்ப எந்த எடத்துல இருக்கீங்க?" என்று கேட்டார்.

என் கணவர் குனிந்து, பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தி, நாங்கள் இருந்த கம்பத்தின், அந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். பஸ் எங்கே நிற்கும், எந்தக் கடைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும், எங்கள் கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னார். நான் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். மண்டோருக்குப் பக்கத்தில் இருந்த என் இடம், இறங்கும்வரை காலியாகவே இருந்தது.